சீன டோனட்டுக்கு எந்த மா? திருகோணமலை வீட்டு அடுப்புக்கு ஓர் ஒப்பீடு

சீனி புரட்டிய, நடுவில் ஓட்டை இல்லாத, இரண்டு கடியில் முடிந்துவிடும் பொரித்த பண்டம். இணையத்தில் 'சீன டோனட்' என்று காட்டுவது இதைத்தான். பெயரில் சீனா இருந்தாலும் இது பேர் எடுத்தது அமெரிக்காவிலுள்ள சீன உணவகங்களின் பஃபே மேசையில். அங்கே செய்முறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. டின்னில் அடைத்து விற்கும் பிஸ்கட் மாவைத் திறந்து, துண்டு துண்டாக எண்ணெயில் போட்டு எடுத்து, சீனியில் புரட்டிவிடுவார்கள். (அமெரிக்கர் பிஸ்கட் என்பது நாம் தேத்தண்ணியில் தோய்க்கும் பிஸ்கட் இல்லை; உப்புப் போட்ட, மெதுமெதுவென்ற, பணிஸுக்குக் கிட்டிய சாமான்.) டின்னில் அடைக்கும் அந்த மாவுக்கு 1931இல் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரைச் சேர்ந்த லைவ்லி வில்லோபி என்ற பேக்கரிக்காரர் காப்புரிமை பெற்றார். அமெரிக்கக் குளிர்சாதனப் பெட்டிகளில் அது இன்றும் இருக்கிறது. திருகோணமலைக் கடைகளில் அதைத் தேடி அலைய வேண்டாம். 'ஒரு டின் மாவைத் திறக்கவும்' என்று தொடங்கும் செய்முறை எதுவும் நமக்கு உதவாது.

அதற்குப் பதிலாக மா இங்கேயே அரைபடுகிறது. சீனக்குடாவில் பிரிமா ஆலை 1980இலிருந்து கோதுமை அரைக்கிறது. சீனக்குடா மாவில் சீன டோனட், மேலே சீனி: பெயர்ப் பொருத்தத்துக்குக் குறைவில்லை. தீர்மானிக்க வேண்டியது அந்த மாவை எப்படிப் பொங்க வைப்பது என்பதைத்தான். அதற்கு ஐந்து வழி இருக்கிறது. ஐந்தும் ஒன்றுக்கொன்று மாற்று என்று நினைத்து இறங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

தீர்மானத்தை ஒரு கேள்வியில் அடக்கிவிடலாம்: எண்ணெயிலிருந்து எடுத்து எவ்வளவு நேரத்தில் சாப்பிடப் போகிறார்கள்? அரை மணித்தியாலத்துக்குள் என்றால் பேக்கிங் பவுடர். பின்னேரம் பொரித்து இரவு விருந்துக்கோ மறுநாள் பள்ளிக்கூடத்துக்கோ கொடுப்பதென்றால் ஈஸ்ட். மற்ற மூன்றும் தனித்தனிச் சந்தர்ப்பங்களுக்கு உரியவை. ருசியை முதலில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். சூடாக இருக்கும்போது ஐந்துமே ருசிதான்; ஆறின பிறகுதான் குணம் தெரியும்.

பேக்கிங் பவுடர் மா

டின் மாவுக்கு மிகக் கிட்டியது இதுதான், ஏனென்றால் அந்த டின்னுக்குள் இருப்பதும் ஈஸ்ட் போடாத மாதான். மா எடுப்பதிலிருந்து சீனி புரட்டுவது வரை 40 நிமிடம். முட்டை தேவையில்லை, ஆகவே வெள்ளிக்கிழமை மரக்கறி வீடுகளிலும் தடையில்லை.

16 துண்டுக்கு அளவு: கோதுமை மா 250 கிராம், பேக்கிங் பவுடர் 2½ தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, சீனி 2 மேசைக்கரண்டி, மாஜரின் அல்லது பட்டர் 40 கிராம், குளிர்ந்த பால் 140 முதல் 150 மில்லிலீற்றர். பசும்பால் இல்லையென்றால் அதே அளவு தண்ணீரில் 2 மேசைக்கரண்டி பால்மாவைக் கரைத்து பிரிட்ஜில் வைத்து எடுங்கள். பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்து வரும் 'செல்ப் ரைசிங்' மா வாங்கினால் பேக்கிங் பவுடரை முழுதாக விட்டுவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் நாக்கில் உலோகக் கைப்பு நிற்கும். ஆட்டா மா இதற்கு ஒத்துவராது. டோனட் கனத்து, எண்ணெயின் அடியிலேயே கிடக்கும்.

மா, பேக்கிங் பவுடர், உப்பு, சீனி நாலையும் ஒன்றாக அரிதட்டில் அரித்து, மாஜரினை விரல் நுனியால் தேய்த்து உதிர்க்க வேண்டும். கை முழுவதையும் போட்டுப் பிசைந்தால் கைச்சூட்டில் கொழுப்பு உருகும். பட்டர் 32, 35 பாகையிலேயே இளகிவிடும். கச்சான் காற்று அடிக்கும் மே முதல் ஓகஸ்ட் வரை திருகோணமலைக் குசினி மத்தியானத்தில் அந்தச் சூட்டில்தான் இருக்கும். அதனால் கொழுப்பை பிரிட்ஜின் உறைபெட்டியில் அரை மணித்தியாலம் வைத்து, தேங்காய்ப்பூப் போலத் துருவிப் போடுவது இந்த ஊருக்கு ஏற்ற வழி. உருகாத கொழுப்புத் துணுக்குகள் எண்ணெய்க்குள் போன பிறகு உருகி, இருந்த இடத்தில் சிறு வெளியை விட்டுச் செல்லும். உள்ளே அடுக்கடுக்காகப் பிரிவது அதனால்தான். முன்பே உருகிவிட்டால் மா முழுவதும் ஒரே நெருக்கமாகி, தின்னும்போது ரொட்டி ஞாபகம் வரும்.

பாலை ஊற்றிக் கரண்டியால் சேர்த்து, பலகையில் கொட்டி, ஏழெட்டுத் தரம் மடித்துத் தட்டினால் போதும். ரொட்டிக்குக் குழைத்துப் பழகிய கைக்கு இது கடினமான கட்டுப்பாடு. மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாக, ஒழுங்கில்லாமல் இருக்கும்போதே நிறுத்த வேண்டும். வழுவழுப்பாகக் குழைத்தால் மா இறுகிவிடும், பேக்கிங் பவுடரால் அதைத் தூக்க முடியாது.

16 சென்ரிமீற்றர் சதுரமாக, ஒன்றரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் தட்டி, கத்தியால் நாலுக்கு நாலாக வெட்டுங்கள். கிளாஸால் வட்டமாக வெட்டலாம், ஆனால் மிஞ்சும் துண்டுகளைத் திரும்பச் சேர்த்துத் தட்டியதில் வரும் டோனட் எப்போதும் முதல் ஈட்டை விட இறுக்கம். கிளாஸால்தான் வெட்டுவேன் என்றால் நேராக அழுத்தி நேராக எடுங்கள். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் பொங்கும். தடிப்பு 2 சென்ரிமீற்றரைத் தாண்டினால் வெளி சிவந்தும் நடு பச்சையாகவே இருக்கும். இந்த டோனட்டில் ஆகப் பொதுவான குறை இதுவே. வெட்டிய துண்டுகளை 10 நிமிடம் ஆற விட்டுப் பொரியுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். ஈரம் பட்டதும் பேக்கிங் பவுடர் தன் வேலையைத் தொடங்கிவிடும். காத்திருந்தால் அடுப்பில் செய்ய வேண்டியதைப் பலகையிலேயே செய்து முடித்துவிடும்.

பவுடர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு தேக்கரண்டியைச் சுடுதண்ணீரில் போடுங்கள். உடனே நுரைத்துச் சீற வேண்டும். கடலோர ஈரக்காற்றில் மூடி சரியாக இறுக்காத டின் சில மாதத்தில் செத்துப்போகும்.

இதன் குறை ஆறின பிறகு தெரியும். ஒரு மணித்தியாலம் கழிந்தால் வெளி மொறுமொறுப்புப் போகும், உள் உதிரத் தொடங்கும். அடுத்த நாளுக்கு வைக்கக் கூடாத பண்டம் இது. வாய்ப்பன் போல இருக்கிறதே என்று யாராவது சொன்னால் அளவில் பிழையில்லை, நேரத்தில்தான் பிழை. இனிமேல் ஆறவிடாமல் கொடுங்கள்.

ஈஸ்ட் மா

பேக்கரி டோனட்டின் பஞ்சுத்தன்மை வேண்டுமென்றால் இதுதான். சீன உணவகப் பாணியிலும் சிலர் ஈஸ்ட் மாவைத்தான் பொரிக்கிறார்கள். நீராவியில் அவித்த மன்டோ என்ற பணிஸைத் திரும்பப் பொரித்து டின்பாலில் தோய்த்துச் சாப்பிடுவது சீனர்களின் சொந்தப் பழக்கம். அந்தப் பஞ்சுத்தன்மைக்கும் ஈஸ்ட்தான் காரணம். டின்பால் தோய்ப்பதாக இருந்தால் சீனியில் புரட்டாதீர்கள், திகட்டும்.

15 முதல் 16 உருண்டைக்கு: கோதுமை மா 300 கிராம், உடனடி ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, சீனி 30 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, முட்டை ஒன்று, பால் 140 மில்லிலீற்றர், மாஜரின் 30 கிராம். மாஜரினைத் தவிர மற்றதை எல்லாம் சேர்த்து 5 நிமிடம் குழைத்து, பிறகு மாஜரினைச் சேர்த்து இன்னும் 8 முதல் 10 நிமிடம் குழையுங்கள். முதல் மூன்று நிமிடம் கையில் ஒட்டும். அந்த நேரத்தில் மா தூவாதீர்கள். ஒட்டுகிறதே என்று தூவுகிற ஒவ்வொரு பிடி மாவும் டோனட்டைக் காய வைக்கும். குழைத்து முடிந்ததா என்று பார்க்க ஒரு துண்டை இரு கையாலும் மெல்ல இழுங்கள். கிழியாமல், விரல் நிழல் தெரியும் அளவுக்குச் சவ்வாக விரிந்தால் போதும்.

இனி ஊர்க் காலநிலைக் கணக்கு. வெளிநாட்டுச் செய்முறைகள் 'பாலை வெதுவெதுப்பாக்கி, இரண்டு மணித்தியாலம் பொங்க விடுங்கள்' என்று சொல்வது 20, 22 பாகைக் குசினிக்கு. இங்கே அதைச் சொன்னபடி செய்தால் மா புளிக்கும். கச்சான் காலத்தில் பாலை பிரிட்ஜிலிருந்து எடுத்தபடியே ஊற்றுங்கள். முதல் பொங்கலுக்கு 45 முதல் 50 நிமிடம் போதும். மார்கழி, தை மழைக்குளிரில் பால் வெதுவெதுப்பாக இருக்கலாம், 70 முதல் 80 நிமிடம் எடுக்கும். கடிகாரத்தை விட அளவை நம்புங்கள்: இரட்டிப்பானதும் நிறுத்த வேண்டும். மூன்று மடங்கு வரை விட்டுவிட்டால் கள்ளு வாசம் அடிக்கும், பொரித்தாலும் அது போகாது.

காற்றை அழுத்தி வெளியேற்றி, 35 கிராம் உருண்டைகளாகப் பிடித்து, ஒவ்வொன்றையும் ஒரு சிறு எண்ணெய்த்தாள் சதுரத்தின் மேல் வையுங்கள். இந்தத் தாள் ஆடம்பரமில்லை. இரண்டாவது முறை பொங்கின உருண்டையைக் கையால் தூக்கினால் விரல் பட்ட இடத்தில் காற்று போய் அமுங்கிவிடும். தாளோடு எண்ணெயில் விட்டால் தாள் தானாகக் கழன்று வரும், இடுக்கியால் எடுத்துவிடலாம். இரண்டாவது பொங்கலுக்கு 20 முதல் 25 நிமிடம். விரலால் இலேசாக அழுத்தினால் குழி மெதுவாக, பாதியளவு மீள வேண்டும். உடனே துள்ளி மீண்டால் இன்னும் நேரம் வேண்டும். மீளவே இல்லையென்றால் நேரம் கடந்துவிட்டது. அந்த உருண்டை எண்ணெயில் ஊதி, வெளியே எடுத்ததும் கிழவியின் கன்னம் போலச் சுருங்கும், எண்ணெயும் குடித்திருக்கும். அப்படிக் கடந்துவிட்டால் பொரிக்க வேண்டாம். அழுத்திப் பிடித்துத் திரும்ப உருட்டி, இம்முறை 15 நிமிடம் மட்டும் விடுங்கள்.

சரியான உருண்டை எண்ணெயில் விழுந்ததும் பாதிதான் மூழ்கும். அடிப்பகுதி ஒரு நிமிடத்தில் பொன்னிறமாகும். ஒரு குச்சியால் தொட்டால் தானே புரளும். இரண்டு பக்கமும் சிவந்த பிறகு நடுவில், எண்ணெய் படாமல் நின்ற இடத்தில், வெளிறிய வளையம் ஒன்று சுற்றிவர நிற்கும். பேக்கரிக்காரர் பார்ப்பது அந்த வளையத்தைத்தான். அது இருந்தால் மா சரியாகப் பொங்கியிருக்கிறது. வளையமே இல்லாமல் முழுதும் சிவந்திருந்தால் உருண்டை கனமாக இருந்து மூழ்கியிருக்கிறது.

ஈஸ்டைப் பற்றி ஒன்று. திறந்த பைக்கற்றை அலுமாரியில் வைத்தால் இந்த வெக்கையில் நீடிக்காது. காற்றுப் புகாத போத்தலில் இட்டு உறைபெட்டியில் வையுங்கள். சந்தேகமென்றால் வெதுவெதுப்பான தண்ணீர் 50 மில்லிலீற்றரில் அரைத் தேக்கரண்டி சீனியோடு கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 10 நிமிடத்தில் நுரை எழாவிட்டால் வீசிவிடலாம். கொதிக்கும் பாலை ஊற்றி ஈஸ்டைக் கொல்வதும் அடிக்கடி நடப்பதுதான். கை பொறுக்காத சூட்டில் அதுவும் பொறுக்காது.

பேக்கரியில் மா வாங்கினால்

டின் மாவுக்கு உண்மையான உள்ளூர் மாற்று இதுதான் என்றாலும் ஏனோ யாரும் யோசிப்பதில்லை. பேக்கரியில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் குழைத்த மாவை நிறுத்துத் தருவார்கள். தராத இடமும் உண்டு, கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. கேட்கும்போது 'பாண் மா' என்று கேட்காமல் 'பணிஸ் மா' என்று கேளுங்கள். பாண் மாவில் சீனியும் கொழுப்பும் மிகக் குறைவு. பொரித்தால் நிறம் மெதுவாக ஏறும், அந்த நேரத்துக்குள் தோல் தடிக்கும், கடிக்கும்போது இழுபடும். பணிஸ் மாவில் இரண்டும் இருப்பதால் வேலை சுலபம். அரைக் கிலோவில் 14 உருண்டை வரும்.

வீட்டுக்குக் கொண்டுவரும் வழியிலும் அது பொங்கிக்கொண்டே இருக்கும். மாவின் அளவைப் போல இரண்டு மடங்கு பெரிய மூடியுள்ள பாத்திரத்தின் உள்ளே எண்ணெய் பூசி எடுத்துச் செல்லுங்கள். பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு வந்தால் பை வெடிக்காவிட்டாலும் மா பையோடு ஒட்டும். உவர்மலையிலிருந்து நகருக்குள் போய்வரும் தூரமென்றால் பிரச்சினையில்லை. நிலாவெளி, மூதூர் வரை கொண்டுபோவதானால் குளிர்பெட்டி வேண்டும். வந்தவுடன் உருட்டி, 15 முதல் 20 நிமிடம் விட்டுப் பொரிக்கலாம். கூட்டம் பெரிதாக இருந்து 50, 60 டோனட் வேண்டுமென்றால் இந்த வழியை விட மலிவான உழைப்பு கிடையாது.

யூட்டியாவ்: உண்மையான சீன டோனட்

சீனாவில் காலையில் தெருவோரம் பொரிக்கும் நீட்டுப் பண்டம் இது. சீனி கிடையாது, உப்புதான். கஞ்சியிலோ சோயாப்பாலிலோ தோய்த்துச் சாப்பிடுவார்கள். தென்சீனத்துக் கன்டோனியர் வைத்த பெயர் 'எண்ணெயில் பொரித்த பேய்' என்று ஒலிக்கும். 1142இல் கொல்லப்பட்ட யுவே ஃபெய் என்ற சொங் அரச தளபதியைக் காட்டிக்கொடுத்த அமைச்சர் சின் ஹுய்யையும் அவர் மனைவியையும் மாவில் உருட்டிப் பொரித்ததுதான் இது என்பது ஐதீகம். அதனால்தான் இரண்டு கீற்று ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது என்பார்கள். ஐதீகம் இருக்கட்டும், இரண்டு கீற்றுக்கு அடுப்பிலும் காரணம் உண்டு. ஒற்றைக் கீற்றின் எல்லாப் பக்கமும் உடனே பொருக்குத் தட்டி இறுகிவிடும், பிறகு அது விரியாது. இரண்டை ஒட்டினால் இடைப்பட்ட முகம் எண்ணெய் படாமல் ஈரமாகவே நிற்கும். நீராவி அந்த இடத்தைத்தான் தள்ளித் திறக்கும்.

பழைய முறையில் அப்பச்சோடாவோடு படிகாரம் சேர்ப்பார்கள். நம்மூர் மருந்துச் சரக்குப் பட்டியலில் சீனக்காரம் என்று எழுதுவதும் அதையேதான். அதில் அலுமினியம் இருப்பதால் வீட்டில் போட வேண்டாம். பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, அப்பச்சோடா கால் தேக்கரண்டி போதும். கோதுமை மா 300 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைய, முட்டை ஒன்று, தண்ணீர் 130 முதல் 140 மில்லிலீற்றர், மரக்கறி எண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி. தளர்வாகக் குழைத்து, 20 நிமிடம் விட்டுத் திரும்பக் குழைத்து, எண்ணெய் பூசி மூடி, இரவு முழுவதும் பிரிட்ஜில் வைக்க வேண்டும். இரவைத் தவிர்க்க முடியாது. மா இளகாவிட்டால் இழுக்கும்போது றப்பராகச் சுருங்கும்.

விடிய வெளியே எடுத்து 45 நிமிடம் கழித்து, திரும்பக் குழைக்காமல் 10 சென்ரிமீற்றர் அகலப் பட்டையாகத் தட்டி, 2½ சென்ரிமீற்றர் கீற்றுகளாக வெட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நனைத்த மூங்கில் குச்சியால் நீளவாக்கில் நடுவில் அழுத்துங்கள். அழுத்தம் கூடினால் இரண்டும் ஒன்றாகிப் பொங்காது, குறைந்தால் எண்ணெயில் பிரிந்துபோகும். இரு நுனியையும் பிடித்து 18 சென்ரிமீற்றர் வரை இழுங்கள், வீட்டுத் தாச்சிக்கு அதற்கு மேல் இடமில்லை. எண்ணெய் 195 முதல் 200 பாகை. முதல் அரை நிமிடம் ஓயாமல் புரட்ட வேண்டும், ஒரு பக்கமாக விட்டால் அந்தப் பக்கம் இறுகி வளைந்துவிடும். ஒன்றரை நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

சீனி டோனட் கேட்ட பிள்ளைகளுக்கு இது ஏமாற்றம் தரும். ஆனால் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்புக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள இதைப் போல ஒன்றில்லை. முந்தின இரவே குழைத்து வைக்க வேண்டியதுதான்.

முட்டை மா

கன்டோனியரின் சா யுங். சீனி புரட்டிய டோனட்டுக்குச் சீனாவிலேயே மூதாதை தேடினால் இதைச் சொல்லலாம். தண்ணீர் 120 மில்லிலீற்றர், பட்டர் 30 கிராம், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைக் கொதிக்க வைத்து, 90 கிராம் மாவை ஒரேயடியாகக் கொட்டிக் கிளறி, பாத்திரத்தில் ஒட்டாமல் திரண்டதும் இறக்குங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு முட்டையை ஒவ்வொன்றாக அடியுங்கள். இரண்டு முழுதாகப் போகும், மூன்றாவதை அடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கரண்டியைத் தூக்கினால் கலவை முக்கோணமாகத் தொங்கி நிற்க வேண்டும். இரண்டு கரண்டியால் வழித்து 150 பாகை எண்ணெயில் விட்டால் 8 முதல் 10 நிமிடத்தில் மும்மடங்காக ஊதி, தானே உருண்டு உருண்டு சிவக்கும். எண்ணெய் சூடாக இருந்தால் தோல் முந்தி இறுகும், உள்ளே பச்சை முட்டை நிற்கும், வெளியே எடுத்ததும் படுத்துவிடும். காஸ் அதிகம் எரியும், ஒரு ஈட்டில் நாலைந்துதான் போடலாம். இருவருக்கு நல்லது, கூட்டத்துக்கு வேண்டாம்.

எண்ணெய்

எந்த மாவைத் தெரிந்தாலும் எண்ணெயில் தவறினால் எல்லாம் ஒன்றுதான். நம் வீடுகளில் கைக்கு முதலில் வருவது தேங்காய் எண்ணெய். சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் 175, 180 பாகையிலேயே புகையத் தொடங்கும், ஆகவே யூட்டியாவுக்கு அறவே ஆகாது. மற்றவற்றுக்குப் பொரிக்கலாம், ஆனால் சீனிக்கு முந்திக்கொண்டு தேங்காய் வாசம் வரும். சோயா, சூரியகாந்தி, தெளிந்த பாம் எண்ணெய் மூன்றில் எதுவும் சரி. 24 சென்ரிமீற்றர் தாச்சிக்கு முக்கால் லீற்றர் ஊற்றி, 5 சென்ரிமீற்றர் ஆழம் நிற்கிறதா என்று பாருங்கள். ஆழம் குறைந்தால் உருண்டை அடியைத் தொட்டுக் கருகும். மீன் பொரித்த எண்ணெயை எவ்வளவு வடித்தாலும் சீனி டோனட்டில் சூரை வாசம் காட்டிக்கொடுத்துவிடும். வரிசையை மாற்றுங்கள்: முதலில் டோனட், வடித்து வைத்து அடுத்த நாள் மீன்.

பேக்கிங் பவுடர் மாவுக்கு 170 பாகை, பக்கத்துக்கு இரண்டு நிமிடம். ஈஸ்டுக்கு 165 முதல் 170, பக்கத்துக்கு ஒரு நிமிடம். பணிஸ் மாவுக்கு 170 முதல் 175. வெப்பமானி இல்லையென்றால் கடலையளவு மாவைக் கிள்ளிப் போடுங்கள். அடி வரை போய் அங்கேயே கிடந்தால் சூடு காணாது. பாதி வழி போய், மூன்று எண்ணுவதற்குள் சிறு குமிழிகளோடு மேலே வந்தால் 170 அளவில் இருக்கிறது. கீழே போகாமலே சீறிச் சிவந்தால் அடுப்பைக் குறையுங்கள். ஒரு ஈட்டுக்கு ஐந்துக்கு மேல் போடாதீர்கள். குளிர்ந்த மா விழும் ஒவ்வொரு தரமும் எண்ணெயின் சூடு இறங்கும், சூடு இறங்கின எண்ணெயில் பொரியும் டோனட் எண்ணெயைக் குடிக்கும். அடுத்த ஈட்டுக்கு முன் ஒரு நிமிடம் காத்திருங்கள்.

சீனி

வெள்ளைச் சீனி நம் கடைகளில் பெரும்பாலும் தடித்த மணியாகவே கிடைக்கிறது. அப்படியே புரட்டினால் உதிரும், பற்களில் நறநறக்கும். 100 கிராமை மிக்சியில் இரண்டே இரண்டு தரம் சுழற்றுங்கள், பாதி மணியும் பாதி தூளுமாக வரும். முழுதும் மாவாக்கினால் ஈரத்தில் உருகிப் பாகாகும். சிவப்புச் சீனிக்கு வாசம் உண்டு, ஆனால் அதன் ஈரம் டோனட்டை நமுக்க வைக்கும். கறுவாத்தூள் அரைத் தேக்கரண்டி சேர்க்கலாம், சீன உணவகத்தில் அது கிடையாது என்பதற்காக நாம் விட வேண்டியதில்லை.

எடுத்தவுடன் புரட்டாதீர்கள். துளைக்கரண்டியிலிருந்து கம்பித்தட்டுக்கு மாற்றி இரண்டு நிமிடம் எண்ணெய் வடியட்டும். நீராவி கண்ணுக்குத் தெரிவது நின்று, தொட்டால் கை சுடும் ஆனால் பொறுக்கும் என்ற நிலையில் சீனி சரியாகப் பிடிக்கும். அதற்கு முன் என்றால் ஆவியில் சீனி கண்ணாடிப் பூச்சு போல உருகி ஒட்டும். பிந்தினால் எண்ணெய்ப் பசை உள்ளே போய்விடும், சீனி தட்டிலேயே கிடக்கும். வடிக்கப் பத்திரிகைத் தாளை விரிக்காதீர்கள், சூட்டில் மை ஏறும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சீனி ஒரு மணித்தியாலத்துக்குள் வியர்க்கும். அந்த மாதங்களில் விருந்துக்குக் கொண்டுபோவதென்றால் ஈஸ்ட் டோனட்டைச் சீனி போடாமல், முழுதாக ஆற வைத்து, டின்னில் அடைத்துக் கொண்டுபோங்கள். சீனியைத் தனிப் போத்தலில் எடுத்துப்போய், அங்கே தாச்சியை வெறுமையாகச் சூடாக்கி, டோனட்டை மிகச் சிறு நெருப்பில் மூடிபோட்டு மூன்று நிமிடம் பிரட்டிச் சூடாக்கிய பிறகு சீனியில் புரட்டுங்கள். மேற்பரப்பில் எண்ணெய் திரும்பக் கசியும், சீனி பிடிக்கும். மறுநாள் காலை மிஞ்சியதற்கும் இதே வழிதான். பேக்கிங் பவுடர் டோனட்டுக்கு இது சரிவராது. அதில் மிஞ்சியதை இரண்டாகப் பிளந்து, வெட்டிய முகத்தைத் தோசைக்கல்லில் மாஜரினோடு வாட்டி, டின்பால் ஊற்றிக் கொடுத்துவிடுங்கள்.